திறந்த அணுகல்: சேலம் வட்டார ஆய்வாளர்கள் நூலகத்தில் கேட்கும் கேள்விகள்

சேலம், ஆத்தூர், மேட்டூர், ஏற்காடு பக்கத்தில் பிஎச்.டி. செய்பவர்கள், நெறியாளர்கள், கல்லூரி நூலகர்கள் ஆகியோருக்காக இதைத் தொகுத்திருக்கிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பதிப்பகம் அனுப்பும் பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நூலகத்துக்கு வாருங்கள். போட்ட பிறகு வந்தால் நூலகம் செய்யக்கூடியது பாதியாகக் குறைந்துவிடும்.

ஓப்பன் ஆக்சஸ் (திறந்த அணுகல்) என்றால் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது, அவ்வளவுதானே?

அது பாதிதான். 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை இதற்குத் தெளிவான வரையறை தந்தது. ஆய்வுக் கட்டுரையை யாரும் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், நகலெடுக்கலாம், பகிரலாம், சட்டத்துக்கு உட்பட்ட எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். எழுதியவர் பெயரை முறையாகச் சொல்ல வேண்டும், கட்டுரையைச் சிதைக்கக் கூடாது.

மரவள்ளித் தேமல் நோயைப் பற்றிய கட்டுரை ஒன்றை ஆத்தூர் விவசாயி காசு கொடுக்காமல் படிக்க முடிந்தால் அது இலவசம். வேளாண் அலுவலர் அதிலுள்ள படத்தையும் அட்டவணையையும் எடுத்து, தமிழில் துண்டறிக்கை அச்சடித்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் ஊர் ஊராகக் கொடுக்கவும் முடிந்தால் அது திறந்த அணுகல்.

அதற்கு லட்சக்கணக்கில் பணம் கட்ட வேண்டுமாமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆய்வாளர்களை அதிகம் பின்வாங்க வைக்கும் தவறான எண்ணமும் இதுதான். பணம் கட்டுவது ஒரு வழி மட்டுமே. மொத்தம் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது தங்க வழி. இதழே கட்டுரையைத் திறந்து வைக்கும், அதற்கு எழுதியவரிடம் கட்டணம் வாங்கும். 2020-இல் நேச்சர் இதழ் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. எல்லா இதழும் இவ்வளவு கேட்பதில்லை என்றாலும், உதவித்தொகையில் காலம் தள்ளும் ஆய்வு மாணவருக்குச் சிறிய கட்டணமும் பெரிய பாரம்தான்.

இரண்டாவது வைர வழி. படிப்பவரும் கட்ட வேண்டாம், எழுதுபவரும் கட்ட வேண்டாம். சி.வி. ராமன் 1934-இல் தொடங்கிய, பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாதெமியின் இதழ்கள் இப்படித்தான் வருகின்றன. டி.ஓ.ஏ.ஜே. எனப்படும் திறந்த அணுகல் இதழ்களின் அட்டவணையில் ‘கட்டணம் இல்லை’ என்று வடிகட்டித் தேடினால் உங்கள் துறைக்கான இதழ்கள் வரிசையாக வரும்.

மூன்றாவது பச்சை வழி. நீங்கள் விரும்பும் சந்தா இதழிலேயே கட்டணமில்லாமல் வெளியிடுகிறீர்கள். பிறகு கட்டுரையின் ‘ஏற்கப்பட்ட படி’யைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் வைக்கிறீர்கள். செலவு கிடையாது. நம் பக்கத்து ஆய்வாளர்களில் பெரும்பாலோருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. சந்தா இதழ்கள் பலவும் கலப்பு இதழ்கள். கட்டுரை ஏற்கப்பட்டதும் வரும் இணையப் படிவத்தில் சந்தா முறையா, ஓப்பன் ஆக்சஸா என்று கேட்கும். ஏதோ நல்லது என்று நினைத்து இரண்டாவதை டிக் செய்துவிட்டால், பின்னாலேயே பில் வரும். அப்படி ஆகிவிட்டால் அன்றைக்கே இதழுக்கு எழுதி, சந்தா முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். கட்டுரை இணையத்தில் ஏறிவிட்ட பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

‘ஏற்கப்பட்ட படி’ என்பது எது? என்னிடம் பதிப்பகத்தின் பி.டி.எஃப். இருக்கிறதே?

ஒரு கட்டுரைக்கு மூன்று படிகள் உண்டு. இதழுக்கு நீங்கள் முதலில் அனுப்பியது முன்படி. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களை எல்லாம் செய்து கடைசியாக அனுப்பி, ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று பதில் வந்த வேர்டு கோப்பு ஏற்கப்பட்ட படி. இதழின் சின்னம், பக்க எண், இரண்டு பத்தி அமைப்போடு வருவது அச்சுப்படி. அச்சுப்படி பதிப்பகத்தின் வேலைப்பாடு என்பதால் சந்தா இதழ்கள் அதை வெளியில் வைக்க விடுவதில்லை. ஏற்கப்பட்ட படியைப் பெரும்பாலான பெரிய பதிப்பகங்கள் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன.

வேலை நின்றுபோவது இங்கேதான். கட்டுரை வெளிவந்து இரண்டு வருடம் கழித்து அந்தக் கோப்பைத் தேடினால் கிடைப்பதில்லை. இதழுக்கு அனுப்பியது நெறியாளரின் கணினியிலிருந்து. அந்தக் கணினி மாறியிருக்கும். அல்லது ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘புது இறுதி’ என்று நான்கு கோப்புகள் இருக்கும், எது ஏற்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. திருத்தம் பார்க்க பதிப்பகம் அனுப்பும் புரூஃப் இதற்கு உதவாது, அதில் பதிப்பகத்தின் பக்க அமைப்பு வந்துவிட்டிருக்கும்.

ஆகவே ஏற்புக் கடிதம் வந்த அன்றே மூன்றையும் ஒரே கோப்புறையில் போடுங்கள்: கடைசி வேர்டு கோப்பு, படங்களும் அட்டவணைகளும் தனிக் கோப்புகளாக, ஏற்புக் கடிதத்தின் பி.டி.எஃப். கோப்பின் பெயரில் ஏற்கப்பட்ட தேதியைச் சேருங்கள். கோப்புறையின் ஒரு நகலை நூலகத்துக்கு அனுப்பிவிட்டால் உங்கள் மடிக்கணினி பழுதானாலும் கவலை இல்லை. தொலைந்துவிட்டதா? இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள், பழைய கோப்புகள் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

ஏற்கப்பட்ட படியை உடனே வெளியிடலாமா?

இதழைப் பொறுத்தது. ஸ்பிரிங்கரின் பெரும்பாலான சந்தா இதழ்களுக்குக் களஞ்சியத்தில் திறக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும். எல்செவியரில் இதழுக்கு இதழ் மாறும், 24 மாதம் கேட்பவையும் உண்டு. ஊகிக்க வேண்டாம். பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் ஓப்பன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்பா ரோமியோ) தளத்தில் இதழின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐப் போட்டால் எந்தப் படி, எங்கே, எத்தனை மாதம் கழித்து என்று வந்துவிடும்.

காத்திருப்புக் காலம் முடியட்டும் என்று கோப்பைக் கையிலேயே வைத்திருக்காதீர்கள். இன்றே களஞ்சியத்தில் சேர்த்துவிடலாம். தலைப்பும் சுருக்கமும் உடனே தெரியும், முழுக் கட்டுரை குறித்த தேதியில் தானாகத் திறக்கும்படி நூலகர் அமைத்துவிடுவார். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அல்லது உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியில் ஆய்வு நடந்திருந்தால் களஞ்சியத்தில் சேர்ப்பது விருப்பம் சார்ந்த விஷயமே அல்ல. 2014 டிசம்பரில் வந்த அவற்றின் கொள்கை அதைக் கேட்கிறது.

ரிசர்ச்கேட்டில் அச்சுப்படியை ஏற்றுவது களஞ்சியத்தில் வைப்பதற்கு ஈடாகாது. அது தனியார் நிறுவனத்தின் தளம். அச்சுப்படியை அங்கே ஏற்றினால் ஒப்பந்தத்தை மீறியதாகலாம், பதிப்பகம் சொன்னால் நீக்கிவிடுவார்கள்.

எந்தப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியம்? எங்கள் கல்லூரி சேலத்தில்தான் இருக்கிறது.

ஊரைப் பார்க்காதீர்கள், பட்டம் தரும் இடத்தைப் பாருங்கள். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பொறியியல் கல்லூரிகள் பெரும்பாலும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. வேளாண் ஆய்வேடுகளுக்குக் கிருஷிகோஷ் என்ற தனிக் களஞ்சியமே இருக்கிறது. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் மேற்படிப்பு ஆய்வேடுகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

எங்கும் வழியில்லை என்றால் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் செனோடோ என்ற களஞ்சியத்தில் சேர்க்கலாம். இலவசம், டி.ஓ.ஐ. எனப்படும் நிரந்தர அடையாள எண்ணும் கிடைக்கும். வெளியிட்ட பிறகு கோப்பை நினைத்தபடி நீக்க முடியாது என்பதால் பொத்தானை அழுத்தும் முன் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

‘ஒரு நாடு ஒரு சந்தா’ வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?

அரசுக் கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்ட, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டம் அது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் நம் வட்டாரத்தில் நிறைய மாணவர்கள் படிப்பது சுயநிதிக் கல்லூரிகளில். அவை இதில் சேரவில்லை. ஜவ்வரிசி ஆலை நடத்துபவரும், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவரும், அரசுப் பள்ளி ஆசிரியரும் சேரவில்லை. சந்தா என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தரப்படும் சாவி. உங்கள் கட்டுரையை வெளியில் இருப்பவரும் படிக்க வேண்டுமானால் களஞ்சியத்தில் சேர்த்தே ஆக வேண்டும்.

பிஎச்.டி. ஆய்வேட்டை, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் நானே ஏற்றலாமா?

முடியாது. பல்கலைக்கழகம் நியமித்த ஒருங்கிணைப்பாளர், பெரும்பாலும் நூலகர், ஏற்றுவார். மதிப்பீடு முடிந்து பட்டம் அறிவிக்கும் முன் மின்படியை, சோத்கங்காவை நடத்தும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. எனவே உங்கள் கோப்பு சரியாக இல்லாவிட்டால் தாமதமாவது உங்கள் பட்டம்தான்.

ஆய்வேட்டை ஒரே பி.டி.எஃப். ஆகத் தராமல், முகப்பு, சான்றிதழ், உறுதிமொழி, பொருளடக்கம், ஒவ்வொரு இயல், முடிவுரை, துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு என்று தனித்தனியாகப் பிரித்துத் தர வேண்டும். கோப்பின் பெயர் இரண்டிலக்க எண்ணில் தொடங்கட்டும், முகப்புக்கு 01. ‘1’ என்று போட்டால் பத்தாவது கோப்பு இரண்டாவதற்கு முன்னால் போய் நிற்கும். கடவுச்சொல் போட்டுப் பூட்டாதீர்கள். கையெழுத்தான சான்றிதழ் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள், மற்றதெல்லாம் வேர்டிலிருந்து நேராக பி.டி.எஃப். ஆக வேண்டும். முழு ஆய்வேட்டையும் பிரிண்ட் எடுத்து வண்ணத்தில் ஸ்கேன் செய்து பென் டிரைவில் கொண்டுவருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கோப்பு மலைபோல் பெருத்துவிடும், உள்ளே ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது.

ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 2018 யு.ஜி.சி. விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் திரும்பத் தர வேண்டும், அதிகபட்சம் 6 மாதம். 40-க்கு மேல் 60 வரை ஒரு வருடத் தடை, அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. மேற்கோள் குறியிட்டுச் சுட்டிய பகுதிகள், துணைநூற்பட்டியல், நன்றியுரை போன்றவை கணக்கில் சேராது. ஆய்வேட்டிலிருந்து நீங்களே முன்பு வெளியிட்ட கட்டுரை பெரிய சதவீதமாக வந்து நிற்பது வழக்கம். கட்டுரையின் விவரத்தையும் நெறியாளரின் சான்றையும் சோதனைக்கு அனுப்பும்போதே கொடுத்துவிடுங்கள்.

ஆய்வேட்டைப் புத்தகமாக்கப் போகிறீர்கள், அல்லது காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், குறிப்பிட்ட காலத்துக்குத் திறக்காமல் வைக்க நெறியாளர் வழியாக எழுத்தில் கேளுங்கள். ஏற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை. காப்புரிமையில் புதுமை முக்கியம், ஒரு நாள் இணையத்தில் தெரிந்தாலும் சிக்கல்.

தமிழில் எழுதிய என் ஆய்வேடு தேடலில் வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

எழுத்துருதான் காரணமாக இருக்கும். பல டி.டி.பி. சென்டர்களில் இன்றும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துகளின் வரிசை. கூகுளுக்கும் தெரியாது, சோத்கங்காவின் தேடலுக்கும் தெரியாது, ஒப்புமை மென்பொருளுக்கும் தெரியாது. நான்கைந்து வருட உழைப்பு வலையேறிய பிறகும் யார் கண்ணிலும் படாமல் கிடப்பது எங்களுக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

சோதிப்பது எளிது. பி.டி.எஃப்.-இல் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு. ஆங்கிலக் கிறுக்கலாக வந்தால் மாற்ற வேண்டும்.

டி.டி.பி. சென்டரில் பி.டி.எஃப். மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், வேர்டு கோப்பையும் எழுத்துருவின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். எழுத்துரு மாற்றி மென்பொருளில் இயல் இயலாகக் கொடுங்கள். அதற்கு முன் ஆங்கிலச் சொற்கள், தாவரங்களின் அறிவியல் பெயர்கள், நூல் விவரங்கள் ஆகியவற்றைத் தனியே எடுத்து, அவை இருந்த இடத்தில் எண்ணிட்ட அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் மாற்றி அவற்றையும் பாமினி என்று எடுத்துக்கொண்டு பொருளற்ற தமிழெழுத்துகளாக்கிவிடும். மாற்றிய பின் கண்ணால் படித்தே ஆக வேண்டும். கொம்பு தவறான எழுத்தோடு ஒட்டுவது, காலும் ரகரமும் இடம் மாறுவது, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ காணாமல் போவது ஆகிய பிழைகள் வழக்கமாக வரும். அடிக்குறிப்பு எண்களையும் பாருங்கள்.

முழு ஆய்வேட்டையும் மாற்ற நேரமில்லையா? தலைப்பு, ஆய்வுச் சுருக்கம், குறிச்சொற்கள் ஆகிய மூன்றையாவது யூனிகோடில் அடித்து, ஆங்கில வடிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். தேடலில் முதலில் அகப்படுவது அவைதான்.

தட்டச்சுப் பொறிக் காலத்து ஆய்வேடுகளை 300 டி.பி.ஐ.-யில் சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்தால் போதும். டெசராக்ட் போன்ற இலவச எழுத்துணரி தமிழைப் படிக்கும், ஆனால் மங்கிய கார்பன் படிகளில் நிறையத் தடுமாறும்.

போலி இதழை எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது யு.ஜி.சி. பட்டியலும் இல்லையே?

ஆமாம், ஏற்கத்தக்க இதழ்களின் யு.ஜி.சி.-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனத்துக்கும் ஆய்வாளருக்கும் வந்துவிட்டது.

‘48 மணி நேரத்தில் ஏற்பு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பு, மருத்துவம் முதல் மாட்டுவண்டி வரை எல்லாத் துறையையும் ஒரே இதழில் போடுவது, பெயரே கேள்விப்படாத ‘இம்பாக்ட் ஃபேக்டர்’, தனிநபர் கணக்குக்கு ஜி-பே: இதில் ஒன்று இருந்தாலும் விலகுங்கள். ஐ.எஸ்.எஸ்.என். இருப்பது தரத்துக்குச் சான்று ஆகாது, அது வெறும் அடையாள எண்.

இன்னும் ஆபத்தானது கடத்தப்பட்ட இதழ். நல்ல இதழ் ஒன்றின் பெயரையும் எண்ணையும் அப்படியே போட்டு வேறு முகவரியில் போலித் தளம் நடத்துவார்கள். ஐ.எஸ்.எஸ்.என். தளத்தில் அந்த இதழுக்குக் கொடுத்திருக்கும் இணைய முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பழைய கட்டுரை இரண்டின் டி.ஓ.ஐ. எண்ணைத் தட்டிப் பாருங்கள், திறக்காவிட்டாலோ வேறெங்கோ போனாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆசிரியர் குழுவில் இருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர்கள் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை. சந்தேகம் தீராவிட்டால் இதழின் முகவரியை நூலகருக்கு அனுப்புங்கள்.

ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யு.ஜி.சி.-யின் 2022 ஒழுங்குமுறை கைவிட்டுவிட்டது. உங்கள் பல்கலைக்கழகத்தில் இன்னும் என்ன விதி என்று ஆராய்ச்சிப் பிரிவில் கேளுங்கள். இல்லாத கட்டாயத்துக்கு அஞ்சிப் போலி இதழில் பணத்தைப் போட வேண்டாம்.

பதிப்புரிமைப் படிவத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பதிப்புரிமை முழுவதையும் எழுதிக் கொடுக்கிறீர்களா, வெளியிடும் உரிமம் மட்டும் கொடுக்கிறீர்களா என்பதை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். பெரிய பதிப்பகங்கள் ‘உலகம் முழுவதும், உரிமை உள்ள காலம் வரை’ என்று தெளிவாக எழுதியே அனுப்புகின்றன. களஞ்சியத்தில் வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்பதில் தவறே இல்லை.

திறந்த இதழில், கட்டுரையை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கேட்பார்கள். பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற சிசி-பை கட்டுரைகளுக்கு ஏற்றது. ‘மாற்றம் கூடாது’ என்ற உரிமத்தைத் தேர்ந்தால் உங்கள் ஆங்கிலக் கட்டுரையை ஒருவர் தமிழாக்கி வெளியிடக்கூட அனுமதி கேட்க வேண்டிவரும்.

சேர்வராயன் மலையில் சேகரித்த தரவுகளையும் திறந்துவிட வேண்டுமா?

எல்லாவற்றையும் அல்ல. மண், மழை, மாக்னசைட் மாதிரிகளின் அளவீடுகளைத் தாராளமாகத் திறக்கலாம். அரிய தாவரங்கள் வேறு கதை. மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா செவராயென்சிஸ் மரமோ, காட்டு ஆர்க்கிட் செடிகளோ நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை நான்கு தசம இலக்கத்தில் கொடுத்தால், பத்துப் பதினொரு மீட்டர் துல்லியத்தில் பிடுங்குபவருக்கு வழி காட்டியதாகிவிடும். வெளியில் தரும் கோப்பில் ஓர் இலக்கத்தோடு நிறுத்துங்கள், அது சுமார் 11 கிலோமீட்டர். முழு எண்ணை மூடிய கோப்பில் நூலகம் வைத்திருக்கும், தகுந்த காரணம் சொல்லிக் கேட்பவருக்குக் கொடுக்கும். செல்போனில் எடுத்த படங்களுக்குள்ளும் இடக்குறிப்பு இருக்கும். ஏற்றும் முன் அழித்துவிடுங்கள்.

மலையாளிப் பழங்குடி மக்களிடம் மூலிகை பற்றிக் கேட்டு எழுதியதற்கு இன்னும் கவனம் தேவை. பேட்டிக்குச் சம்மதம், பெயரோடு வெளியிடச் சம்மதம், ஒலிப்பதிவைப் பொதுவில் வைக்கச் சம்மதம் மூன்றும் தனித்தனி. தமிழில் படித்துக் காட்டி மூன்றையும் தனித்தனியே வாங்குங்கள். சிசி-பை உரிமத்தில் வைத்த பட்டியலை ஒரு மருந்து நிறுவனமும் எடுத்துக்கொள்ளலாம் என்பதை அவர்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் தலைப்பும் விவரக் குறிப்பும் மட்டும் வெளியில் இருக்கட்டும்.

எங்கள் கல்லூரி இதழை டி.ஓ.ஏ.ஜே.-யில் சேர்க்க முடியுமா?

முடியும். ஐ.எஸ்.எஸ்.என். பெற்றிருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து ஆய்வுக் கட்டுரைகள், ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி முகவரி, மதிப்பீட்டு முறை, கட்டணம், உரிமம் ஆகியவை தளத்தில் தெளிவாக. கட்டணமே வாங்காவிட்டாலும் ‘கட்டணம் இல்லை’ என்று எழுத வேண்டும். பலர் தடுக்கிவிழும் இடம் அது. முழு இதழையும் ஒரே பி.டி.எஃப். ஆகப் போடுவதும் ஆகாது. இணையத்தில் இதழ் நடத்த உதவும் ஓ.ஜே.எஸ். என்ற இலவச மென்பொருள் இவற்றில் பெரும்பாலானதைச் செய்துவிடும், ஆனால் அதைப் புதுப்பித்துக் காக்க ஓர் ஆள் நிரந்தரமாக வேண்டும். ஆள் இல்லாமல் தொடங்கிய தளங்கள் விளம்பரக் குப்பைகளால் நிரம்பிவிடுகின்றன.

நான் எந்தக் கல்லூரியிலும் இல்லை. பூட்டிய கட்டுரையை எப்படிப் படிப்பது?

கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் கீழே உள்ள ‘எல்லாப் பதிப்புகளும்’ என்பதைத் திறந்து பாருங்கள், களஞ்சியப் படி அங்கே இருக்கலாம். அன்பேவால் என்ற நீட்டிப்பை உலாவியில் சேர்த்தால், சட்டப்படி திறந்த படி எங்காவது இருந்தால் காட்டிவிடும். இரண்டும் பலிக்காவிட்டால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். கட்டுரைத் தலைப்பு, டி.ஓ.ஐ., எதற்காகப் படிக்கிறீர்கள் என்ற ஒரு வரி, அவ்வளவு போதும். முகவரி கட்டுரைச் சுருக்கத்தின் பக்கத்திலேயே இருக்கும், ‘தொடர்புக்குரிய ஆசிரியர்’ என்பவரின் பெயருக்கு எழுதுங்கள்.